நித்திய ஆக்கினை: ஒரு சொல்லின் பேரில்

1

அத்தை கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் உள்ள மற்றவை எல்லாம் அக்கேள்விக்கு நான் பிற்பாடு தேடிக்கொண்ட பதில்கள்.

தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அது. மாமா பனையேறி. அவர்களுடைய மூத்த மகன் பத்தொன்பதாவது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக இடம் கொடுத்தார்கள். ஜெபம் பண்ண வந்தவர் எல்லாம் முடிந்து புறப்படும்போது வாசலில் நின்று, இருக்கிற பிள்ளைகளையாவது ஒழுங்காக வளர்க்கும்படி சொன்னார். சொல்லும்போது 'நித்திய ஆக்கினை' என்ற வார்த்தையும் வந்தது. குரூரமாகச் சொன்னார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு அது தொழில் வார்த்தை. கொத்தனாருக்குக் கரணை மாதிரி.

அன்று ராத்திரி அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "மருமவனே, நீ படிச்சவன். நித்தியம்னா தெனமுன்னு அர்த்தமா, எப்பவும்னு அர்த்தமா?"

நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். 'எப்பவும்' என்று சொல்ல நா எழவில்லை. 'தினமும்' என்று சொல்வது பொய் என்று நினைத்தேன். அது பொய் இல்லை என்று இப்போது தெரியும். அத்தையின் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததல்ல. அந்தத் தமிழ்ச் சொற்றொடருக்குள்ளேயே கிடக்கும் ஒரு விரிசலை அவள் கை தொட்டுவிட்டது. படித்தவர்கள் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அது கேட்டுப் பழகிய சொல்.

2

'நித்திய' என்ற அடைமொழியை முதலில் பார்க்கலாம். நம் பேச்சில் இதற்கு இரண்டு வாழ்க்கை. 'நித்தமும் வருவான்' என்றால் தினமும் வருவான். 'நித்திய கண்டம் பூரண ஆயுசு' என்கிறபோது அன்றாடம் வரும் கண்டம். இன்னொரு பக்கம் வைணவர்களின் நித்தியசூரிகள், வேதாந்திகளின் நித்திய வஸ்து. அங்கே அழிவற்றது என்ற பொருள். இவ்விரண்டுக்கும் நடுவே கோயில் வழக்கு ஒன்று உண்டு. பூசையை நித்தியம், நைமித்திகம் என்று பிரிப்பார்கள். நிமித்தம் என்றால் காரணம். ஏதோ ஒரு நிமித்தத்தை முன்னிட்டு நடப்பது நைமித்திகம். நிமித்தம் எதுவும் வேண்டாமலே, பொழுது விடிந்தது என்பதற்காகவே நடப்பது நித்தியம்.

இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால் 'நித்திய ஆக்கினை' தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் சொற்சேர்க்கை. தண்டனை என்பதே நைமித்திகம். குற்றம் என்ற நிமித்தம் இல்லாமல் அது தண்டனை ஆகாது, வெறும் துன்புறுத்தல். நிமித்தத்துக்கு ஒரு அளவு உண்டென்றால் அதைப் பற்றி நடப்பதற்கும் ஒரு அளவு இருந்தாக வேண்டும். அளவை எடுத்துவிட்ட இடத்தில் நிமித்தமும் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது பூசையைப்போல நடந்துகொண்டே இருக்கிற ஒரு காரியம். ஏன் நடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கிரேக்கத்தில் இருந்த ஒரு பெரிய சொல்லுக்குத் தமிழில் இருந்த ஒரு பெரிய சொல்லை வைத்தார்கள். ஆனால் சொல் தன் உறவுக்காரர்களை விட்டுவிட்டு வருவதில்லை.

3

'ஆக்கினை'யின் கதை இன்னும் விசித்திரமானது. சமஸ்கிருதத்தில் ஆஜ்ஞா. அறிவது என்று பொருள்படும் 'ஞா' என்ற வேர். அறியச் செய்வது, அதாவது கட்டளையிடுவது. ஞானமும் இந்த வேர்தான். நம் விமர்சகர்களுக்குப் பிரியமான 'பிரக்ஞை'யும், எழுபதுகளில் ஒரு சிறுபத்திரிகைக்கே பெயரான அச்சொல்லும், இதே வீட்டுப் பிள்ளைதான். யோக நூல்களின் ஆறு ஆதாரங்களில் புருவ மத்தியில் இருப்பதும் ஆக்கினை. ஒருவனுக்கு ஒளி தெரியும் இடத்துக்கும் இன்னொருவன் முடிவின்றி வேகும் இடத்துக்கும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டு.

இதே ஆஜ்ஞா பிராகிருதத்தின் வழியாக நடந்து வந்து 'ஆணை' ஆயிற்று என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். ஆணை தூய தமிழே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆணை கட்டளையாகவும் சத்தியமாகவும் நின்றுவிட்டது. 'உன்மேல் ஆணை' என்று காதலிக்குக்கூடச் சொல்லலாம். ஆக்கினையோ கட்டளையிலிருந்து தண்டனைக்கு இறங்கிவிட்டது. கட்டளையை மீறினால் வருவது, கட்டளையின் பெயரையே எடுத்துக்கொண்டது. ராஜா வாய் திறந்தாலே முதுகைக் குனிந்துகொண்ட ஒரு ஜனத்தின் அனுபவம் இந்தப் பொருள் மாற்றத்தில் படிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதிகாரி 'அறிவிக்கிறான்', கேட்பவனுக்கு அது அடியாக விழுகிறது.

'தண்டம்' என்ற சொல்லும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதலில் கோல். பிறகு அரசன் கைக்கோல், சேனை, தண்டனை, அபராதம். கடைசியில் 'தண்டச்சோறு'. ஆனால் கோல்போல நெடுகத் தரையில் விழுந்து வணங்குவதற்கும் தண்டனிடுதல் என்றுதான் பெயர். லத்தீனிலும் இதே கதையைப் பார்க்க முடிகிறது. தமிழில் 'நித்திய ஆக்கினை' நிற்கும் மத்தேயு 25:46இல் லத்தீன் வேதாகமம் 'சுப்ளீசியும்' என்ற சொல்லைக் கொண்டிருக்கிறது. அதன் அடியில் மண்டியிட்டு இறைஞ்சுவது இருக்கிறது; மேலே மரண தண்டனை இருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், குனிந்த முதுகு ஒன்றையே வணக்கத்துக்கும் தண்டனைக்கும் அடையாளமாக வைத்திருக்கின்றன.

4

இனி மூலத்துக்கு வரலாம். மத்தேயுவின் அந்த வசனத்தில் கிரேக்கச் சொல் 'கோலாஸிஸ்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று இங்கே. மற்றது யோவானின் முதல் நிருபத்தில், 4:18இல், அன்பையும் பயத்தையும் பற்றிப் பேசும் இடத்தில். தமிழில் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். மத்தேயுவில் அது 'ஆக்கினை'. யோவானில் அதே சொல் 'வேதனை'. ஒரு சொல்லை இரண்டாக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான காரியமும் நடந்திருக்கிறது. நியாயத்தீர்ப்பைக் குறிக்கும் சொற்கள், குற்றவாளி என்று தீர்ப்பதைக் குறிக்கும் சொற்கள், கோலாஸிஸ் எல்லாம் கிரேக்கத்தில் வெவ்வேறு. தமிழில் இவையெல்லாம் ஆக்கினைக்குள் வந்து விழுந்துவிட்டன. மத்தேயு 23:33இல் 'நரகாக்கினை'. மூலத்தில் அங்கே இருப்பது நரகத்தின் தீர்ப்பு. ரோமர் 8:1இல் 'ஆக்கினைத்தீர்ப்பு'. லூக்கா 24:20இல் இயேசுவின் மேல் விதிக்கப்பட்டதும் 'மரண ஆக்கினை'. நீதிபதி வாய் திறப்பதும், கைதியின் உடம்பில் விழுவதும், அது நீடிப்பதும் தமிழனின் காதில் ஒரே சப்தமாகக் கேட்கின்றன. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையில் ஒரு வெளி இருக்கிறது. மன்னிப்பு என்று ஒன்று நிகழ வேண்டுமானால் அந்த வெளியில்தான் நிகழ முடியும். நமக்கு வந்த சொல்லில் அந்த வெளி அடைபட்டுப்போயிருக்கிறது.

கோலாஸிஸுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதும்போது, மரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதற்கு, ஏறக்குறைய நாம் கவாத்து என்கிறோமே அதற்கு, இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். அரிஸ்டாட்டில் தம் 'சொல்லாட்சிக் கலை'யில் இரண்டு தண்டனைகளைப் பிரிக்கிறார். கோலாஸிஸ், தண்டிக்கப்படுபவனுக்காகச் செய்வது. டிமோரியா, தண்டிக்கிறவன் தன் மனம் ஆறுவதற்காகச் செய்வது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அடைமொழியும் இளகக்கூடியதுதான். 'அயோனியோஸ்' என்ற சொல் 'அயோன்' என்பதிலிருந்து வருவது. அயோன் என்றால் ஆயுள், யுகம். எபிரேயத்தில் இதற்கு நிகராக நிற்கும் 'ஓலாம்' என்பதும் கண்ணுக்கெட்டாத தூரக் காலத்தைச் சொல்வது. யாத்திராகமம் 21:6இல், விடுதலை வேண்டாமென்ற அடிமையின் காதைக் கதவருகே கம்பியால் குத்துகிறார்கள். அதன்பின் அவன் எஜமானுக்கு ஓலாம் சேவிக்க வேண்டும். அடிமையின் ஓலாம் எவ்வளவு நீளம்? அவன் சாகிற வரைக்கும்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் ஒரிகன், கடவுளின் தண்டனை வைத்தியனின் கத்தி போன்றது, முடிவில் எல்லாம் மீட்கப்படும் என்ற திசையில் யோசித்தார். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. 543இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி அவருடைய கருத்துகளைக் கண்டித்து ஆக்கினை பிறப்பித்தான் — இந்த இடத்தில் சொல் தன் பழைய பொருளில் நிற்கிறது. மேற்கே, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அகஸ்டின் 'கடவுளின் நகர'த்தின் 21ஆம் புத்தகம் முழுவதையும் இந்த விஷயத்துக்குக் கொடுத்தார். அகஸ்டினுக்கு லத்தீன்தான் மொழி. சிறுவயதில் கிரேக்கம் படிக்கப் பிடிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

5

அத்தையிடம் நான் கோலாஸிஸைக் கொண்டுபோனேன். அடுத்த விடுமுறையில். பையில் புத்தகத்தோடு.

"அது தண்டனை இல்ல அத்தை. மூலபாஷையில மரத்தைக் கவாத்துப் பண்ணுறதுன்னு அர்த்தம். நல்லதுக்குத்தான்."

அவள் முற்றத்து முருங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முருங்கைய ஒடிச்சு விட்டா தழைக்கும். செத்தவன் எப்பிடித் தழைப்பான்?"

அந்தக் கேள்விக்கு முன்னால் என்னுடைய கிரேக்கம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு வேர்ச்சொல் ஒரு போதை. ஒரு சொல் இன்று எங்கள் கழுத்தை நெரித்தால், 'ஆதியில் இதற்கு வேறு பொருள்' என்று கண்டுபிடித்ததும் கழுத்து விடுபட்டுவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். தனித்தமிழ்க்காரர்கள் செய்வது இது. வைதிகர்கள் செய்வது இது. ஒரு சாயங்காலம் நானும் இதைச் செய்தேன்.

உண்மை வேறு மாதிரி இருக்கிறது. முதல் நூற்றாண்டுக் கிரேக்கத்தில் கோலாஸிஸ் என்ற சொல்லைக் கேட்டவனுக்கு மரமும் அரிவாளும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், தீயோரின் ஆன்மாக்களுக்கு முடிவற்ற தண்டனை என்று பரிசேயர் நம்புவதை எழுதுகிறார். அந்த ஒரே வாக்கியத்தில் டிமோரியாவும் கோலாஸிஸின் வினைச்சொல்லும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. அரிஸ்டாட்டில் போட்ட வேலி அதற்குள் மக்கிப்போயிருந்தது. அயோனியோஸ் முடிவின்மையைக் குறிக்கவே குறிக்காது என்றும் வாதாட முடியாது. பிளேட்டோவிடமே அச்சொல் காலத்துக்கு அப்பாற்பட்டதைக் குறித்திருக்கிறது. தவிரவும், அகஸ்டினின் வாதம் ஒன்றை லத்தீன் அறிவின் பிழை என்று தள்ளிவிட முடியாது: அதே வசனத்தில் அதே அடைமொழி நித்திய ஜீவனுக்கும் இருக்கிறது, ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் குறைத்தாக வேண்டும். குற்றம் ஒரு கணம்தானே, தண்டனை ஏன் முடிவற்றது என்று கேட்டவர்களுக்கும் அவர் பதில் வைத்திருந்தார்: எந்த நாட்டுச் சட்டமும் குற்றம் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தண்டனையை அளப்பதில்லை.

பதில் திறமையானதுதான். ஆனால் கேள்வி நேரத்தைப் பற்றியதல்ல, பயனைப் பற்றியது. யாருக்காக இந்தத் தண்டனை? இங்கே வள்ளுவர் எனக்கு உதவுகிறார். கொடியவரை அரசன் ஒறுப்பதை அவர் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார் (550). கிரேக்கனுக்கு மரம், இவருக்கு வயல். இரண்டும் விவசாயம்தான், ஆனால் வித்தியாசம் பெரிது. கவாத்தில் வெட்டுப்படும் மரமே பயனடைகிறது. களையெடுப்பில் களைக்கு எந்தப் பயனும் இல்லை, பயன் பயிருக்கு. வள்ளுவர் இதை மூடி மறைக்கவில்லை. அதே வள்ளுவர் வேறோரிடத்தில், தனக்குத் தீங்கு செய்தவனைத் திருப்பித் தண்டித்தவனுக்குக் கிடைக்கும் இன்பத்தின் ஆயுள் ஒரு நாள் என்கிறார் (156). டிமோரியாவுக்கு அவர் போட்ட கணக்கு அது.

ஆக மூன்று வகை. மரத்துக்காக வெட்டுவது, பயிருக்காகப் பிடுங்குவது, தன் மனம் ஆற அடிப்பது. மூன்றுக்கும் முடிவு உண்டு. மரம் தழைத்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறோம். அறுவடை முடிந்தபின் யாரும் களையெடுப்பதில்லை. மனம் ஆறியபின் கை ஓய்கிறது, வள்ளுவர் கணக்கில் ஒரு நாளில். 'நித்திய' என்ற அடைமொழியை இம்மூன்றில் எதனோடு சேர்த்தாலும் அது அந்தப் பெயர்ச்சொல்லைத் தின்றுவிடுகிறது. அகஸ்டினுக்கு நான் தரக்கூடிய பதில் இவ்வளவுதான். இது கிரேக்க அகராதியிலிருந்து வந்ததல்ல. முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து வந்தது.

6

ஆக்கினை வருவதற்கு முன் தமிழில் தண்டனைக்குரிய மறுமை இடத்துக்கு என்ன பெயர் இருந்தது? வள்ளுவர் 'அளறு' என்கிறார். அளறு என்றால் சேறு. எவனும் அங்கே தள்ளப்படுவதாகத் தெரியவில்லை. கால் வைத்தவன் அமிழ்கிறான். ஓரிடத்தில் (835) பேதை அதில் அழுந்துவதற்கு எழுமை என்ற அளவும் சொல்கிறார். இன்னோரிடத்தில் (121) அது வெறும் இருள். சேறும் இருட்டும் தண்டனைகள் அல்ல. பாதை தவறியவனுக்கு நேர்வன. கட்டளையிடும் குரல் அங்கே கேட்பதில்லை.

வடசொல்லான நரகத்துக்கு யாஸ்கர் தம் நிருக்தத்தில் இரண்டு விளக்கம் தருகிறார்: கீழே போவது, அல்லது, மகிழ்வதற்குச் சிறு இடம்கூட இல்லாதது. இரண்டுமே இடத்தைப் பற்றியவை, காலத்தைப் பற்றியவை அல்ல. சமணர்கள் காலத்தையும் அளந்தார்கள். ஏழு நரகங்களில் உச்ச ஆயுள் ஒன்று, மூன்று, ஏழு, பத்து, பதினேழு, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று சாகரோபமம் என்று தத்துவார்த்த சூத்திரம் பட்டியல் போடுகிறது. கடலை உவமையாக வைத்துத்தான் சொல்ல முடியும் என்கிற அளவு அது. மனிதன் எண்ணி முடிக்க மாட்டான். ஆனாலும் எண். பௌத்தர்களின் அவீசி, இடைவிடாதது என்று பொருள் சொல்லப்படுவது. அதுவும் வினை தீர்ந்தால் தீரும்.

இந்த மரபுக்கு நித்திய நரகம் அந்நியம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மத்வர், சில ஜீவன்களின் இயல்பே தமஸ், அவர்களுக்கு அந்தம்தமஸ் என்ற மீளா இருளே கதி என்று போதித்தார். அதற்கும் மிக முன்னால், புறநானூற்றின் ஐந்தாம் பாட்டில், நரிவெரூஉத்தலையார் ஒரு சேரனுக்குப் புத்தி சொல்கிறார். அங்கே வரும் நிரயத்துக்கு அடைமொழி 'நீங்கா'. விட்டகலாத நிரயம். தமிழில் நித்திய நரகத்துக்கு மிக அருகில் வரும் பழைய சொல்லாட்சி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது யாருக்கு என்று பாருங்கள். அருளையும் அன்பையும் தம்மிடமிருந்து நீக்கியவர்களுக்கு. நீக்குதலும் நீங்காமையும் ஒரே வினையின் இரண்டு முகங்கள். அரசனைப் பார்த்து, அதிகாரம் உள்ளவனைப் பார்த்து, அதிகாரம் இல்லாத ஒரு புலவர் சொன்னது இது. என் அத்தை வீட்டு வாசலில் அந்தத் திசை தலைகீழாகிவிட்டது. மேலேயிருந்து கீழே, பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கிறவளிடம்.

நரகத்துக்கு விவிலியத்தில் இருந்த இடமும் நமக்கு வராமல் போயிற்று. இயேசு சொன்ன சொல் 'கெஹன்னா'. அது எருசலேமுக்குத் தெற்கே இன்றைக்கும் நடந்து போகக்கூடிய ஒரு பள்ளத்தாக்கு: கே-இன்னோம், இன்னோமின் பள்ளத்தாக்கு. பழைய ஏற்பாட்டில் அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பிள்ளைகளை நெருப்பில் பலி கொடுத்தார்கள் என்றும், யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தி நிறுத்தினான் என்றும் இருக்கிறது (2 இராஜாக்கள் 23:10). ஊர்க்குப்பை ஓயாமல் எரிந்த இடம் அது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அது 1200ஐ ஒட்டி வாழ்ந்த உரைகாரர் டேவிட் கிம்ஹி எழுதியதிலிருந்து பரவிய செய்தி, அகழ்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. இஸ்லாமியர்களின் ஜஹன்னத்திலாவது அப்பெயரின் ஓசை தங்கியிருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டில் 'இன்னோம்', புதிய ஏற்பாட்டில் 'நரகம்'. இரண்டும் ஒரே இடத்தின் பெயர் என்று படிக்கிறவளுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் அத்தைக்கு ஒன்று புரிந்திருக்கலாம்: அந்தச் சொல்லின் நெருப்பில் முதலில் போடப்பட்டவர்கள் குற்றவாளிகள் அல்ல, பிள்ளைகள். போட்டவர்கள் பெற்றவர்கள். அதைத்தான் தீர்க்கதரிசி எரேமியா அருவருப்பு என்றார்.

1979இல் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில், கேத்தேஃப் இன்னோம் என்ற இடத்தில், கேப்ரியல் பார்க்காய் நடத்திய அகழ்வில் ஒரு கல்லறைக் குகையிலிருந்து இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் எடுக்கப்பட்டன. பிரித்துப் படிக்கச் சில வருஷங்கள் ஆயின. எண்ணாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஆசாரியர்கள் ஜனங்களுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் அவற்றில் கீறப்பட்டிருந்தது. விவிலிய வாசகம் எழுதப்பட்டுக் கிடைத்தவற்றில் அவையே மிகப் பழையவை. நரகத்துக்குப் பெயர் கொடுத்த மண்ணில், செத்தவர்களோடு சேர்த்து யாரோ ஆசீர்வாதத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

7

இதையெல்லாம் கவிதையும் விமர்சனமும் எழுதுகிற நாலைந்து பேர் படிக்கும் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? நாமும் தீர்ப்புச் சொல்கிறவர்கள் என்பதால். ஒரு கவிதை தோற்றிருக்கிறது என்று சொல்வதற்கும் ஒரு கவிஞன் ஒழிந்தான் என்று சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரம், கிரேக்கத்தில் இருந்து தமிழில் காணாமற்போன அதே தூரம்தான். நம் பக்கங்களில் வந்த சண்டைகளைத் திருப்பிப் படித்தால் கோலாஸிஸ் என்று சொல்லிக்கொண்டு செய்த டிமோரியாக்கள் எத்தனை என்று எண்ணலாம். என்னுடையவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பைப் பற்றி. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'நித்திய ஜீவ'னை 'நிலைவாழ்வு' ஆக்கியது. நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கத்து வாயில் இன்னும் புழங்குவது பழையதுதான். பழையதை மாற்ற வேண்டும் என்பதல்ல என் கோரிக்கை. கோலாஸிஸ் வரும் இரண்டு இடங்களிலும் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் 'வேதனை' என்று வைத்தால், மத்தேயுவில் தண்டிக்கிறவனின் குரல் அடங்கி, அனுபவிக்கிறவனின் நிலை முன்னால் வருகிறது. இரண்டிலும் 'ஆக்கினை' என்று வைத்தால், யோவான் சொல்வது இப்படியாகிறது: பயத்துக்குள்ளேயே ஆக்கினை இருக்கிறது. அதாவது, ஆக்கினை எங்கோ பிற்பாடு வரப்போவதல்ல. அதைச் சொல்லிப் பயமுறுத்தியபோதே நடந்துவிட்டது. அப்படியானால் தினமும் என்ற அர்த்தமா என்று அத்தை கேட்டதற்கு, ஆமாம் என்பதே சரியான பதில். மகன் போனபின் இருபத்தொன்பது வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். தினமும்.

நான் இதை அவளுக்குச் சொல்லவில்லை. முருங்கைக்குப் பிறகு அவளிடம் கிரேக்கம் பேசவில்லை.

அவளுடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. தடித்த பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிற வழக்கம் அவளுக்கு. மத்தேயு 25ஐப் பிரித்துப் பார்த்தேன்; கோடு இல்லை, கீறல் இல்லை, பக்கம் சுத்தமாக இருக்கிறது. யோவானின் நிருபத்தில் 4:18இல் கோடு இருக்கிறது. இதில் நான் அர்த்தம் கற்பிக்கத் தயாரில்லை. அந்த வசனத்துக்குக் கோடு போடாத கிறிஸ்தவ வீடு எங்கள் ஊரில் குறைவு. ஒன்று மட்டும் சொல்லலாம்: கோடு வசனம் முழுக்க ஓடவில்லை. 'வேதனை' என்ற சொல்லின் கீழே மட்டும் இரண்டு தடவை இழுத்திருக்கிறது.